சேனை வைத்த கை

அமெரிக்கா போய்வந்தவர்கள் நயாகராவைப் பற்றி எழுதுவார்கள். நான் நயாகராவைப் பார்க்கவில்லை. மகள் பிரசவத்துக்குப் போகிற அப்பா அம்மாவுக்கு அமெரிக்கா என்பது ஒரு வீடு, அந்த வீட்டுக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு வாய்த்த பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நயாகரா எங்கும் ஓடிப்போகாது.

முதலில் என்னைப் பற்றி. நான் திருநெல்வேலிக்காரன், சிறைத்துறையில் ஜெயிலராக இருந்து ஓய்வு பெற்றவன். திருடன், கொலைகாரன், கள்ள நோட்டு அடித்தவன் என்று அத்தனை பேருக்கும் காலையில் கஞ்சி ஊற்றி, சாயங்காலம் தலை எண்ணிப் பூட்டியவன். ஒருவன் நடந்து வருகிற தோரணையிலேயே அவன் எந்த செக்‌ஷனில் உள்ளே வந்தான் என்று சொல்லிவிடுவேன் என்பது என் பெருமை. அதைக் கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துப்போயிருந்தது.

இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று சொல்லி, அவற்றைக் காப்பாற்ற நம் பையன்களை விமானம் விமானமாக இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. என் மாப்பிள்ளை ரமேஷும் அப்படி உலகத்தைக் காப்பாற்ற நியூ ஜெர்சிக்குப் போனவர்தான். விமான நிலையத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள், சுங்க அதிகாரி ஒருவர் என் மனைவி சண்முகவடிவின் பெட்டியைத் திறந்து உடன்குடிக் கருப்பட்டியை வெளியே எடுத்துவிட்டார். முகர்ந்தார், தட்டினார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் தட்டினார். வெடிக்காது என்று தெரிந்ததும் குப்பைத்தொட்டியில் போட்டார்கள்.

"பொறக்கப்போற புள்ளைக்குச் சேனை வைக்கன்னு பாத்துப் பாத்து வாங்குனேன். இவன் தூக்கிக் குப்பையில போடுதான், நீங்க பாத்துட்டு நிக்கியளே" என்று சண்முகவடிவு காரில் ஏறும்வரை என்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கருப்பட்டி மட்டும் தப்பியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்குமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

மறுநாள் தெருவைப் பார்த்தேன். வீடுகள் இருந்தன, கார்கள் இருந்தன, மரத்துக்கு மரம் அணில் இருந்தது. மனிதரைத்தான் காணோம். எப்போதாவது ஒருவர் தென்பட்டால் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பார். நான் முழங்கால் வலியிலிருந்து சொல்ல ஆரம்பிப்பதற்குள் கார்க் கதவைச் சாத்தியிருப்பார்.

நின்று பதில் கேட்ட ஒரே மனிதர் பக்கத்து வீட்டு வால்டர். எண்பத்தைந்தை நெருங்குகிற வயது, நிமிர்ந்த முதுகு, குப்பைத்தொட்டியை வெளியே வைக்க வரும்போதுகூடக் கழுத்தில் டை. அவர் வீட்டுப் புல்லுக்கு ஓரம் வெட்டியிருந்த நேர்த்தியில் எங்கள் ஊர் சலூன்காரர் தோற்றுப்போவார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கோடையில் தக்காளி வளர்த்து, பாட்டிலில் அடைத்து, தெருவுக்கெல்லாம் கொடுப்பார். பனி பெய்தால் தன் வாசலை ஒதுக்கிவிட்டு எங்கள் வாசலையும் ஒதுக்கிவிடுவார்.

"மாமா, வால்டர் அங்கிள் மாதிரி நெய்பர் கெடைக்க லக் வேணும். லாஸ்ட் இயர் நாங்க மூவ் பண்ணப்போ ஃபர்ஸ்ட் வந்து ஹெல்ப் பண்ணதே அவர்தான்" என்றார் மாப்பிள்ளை. அவர் சென்னைக்காரர். சென்னையில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே வளர்ந்தவருக்கு இது பெரிய விஷயம்.

நான் ஜெயிலில் வேலை பார்த்தவன் என்றதும் வால்டர் வேலியில் கையை ஊன்றி நின்றுவிட்டார். நூறு கைதிக்கு எத்தனை வார்டர், சமையல் யார் பொறுப்பு, எண்ணிக்கை தவறினால் என்ன செய்வோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் வேலையைப் பற்றி என் சொந்த மகளே இவ்வளவு கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மழை பெய்தாலும் எண்ணுவீர்களா?" என்று கேட்டார்.

"மழை என்றால் உள்ளேயே வைத்து எண்ணிக்கொள்வோம்" என்றேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். எங்கள் துறையில் ஒழுங்கு போதாது என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. தான் இளமையில் ஐரோப்பாவில் ஒரு கிடங்கைப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். கிடங்குக்காரருக்கு எண்ணிக்கை முக்கியம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

மகள் மீனாவுக்கு வலி கண்ட அன்று வானமே இடிந்து விழுந்த மாதிரி பனி. உலகத்தைக் காப்பாற்றும் மாப்பிள்ளை காரைப் பின்னால் எடுத்தார். கார் தெருவுக்குப் போகாமல் சறுக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். இந்த வசனத்தைக் கேட்கவா பெருங்கடலைத் தாண்டி வந்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வால்டர் வந்துவிட்டார். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிய பழைய நீளக் கார். பின் சீட்டில் கம்பளி விரித்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல், ஒரு இடத்திலும் வழுக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னார். என் மகளும் பேரனும் இன்று இருப்பது அந்தக் காரால்தான். இதில் கிண்டலுக்கு இடமில்லை, பின்னால் நடந்ததைப் படிக்கும்போதும் இதை மறக்க வேண்டாம்.

இனி சேனை. எங்கள் பக்கம், பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பை நல்ல குணமுள்ள ஒருவர் கையால் தொட்டு வைக்கச் சொல்வோம். யார் வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. பிள்ளை பிற்காலத்தில் முரண்டு பிடித்தால், ஜாதகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சேனை வைத்தது யார் என்றுதான் கேட்பார்கள்.

"நானே வைக்கட்டுமா?" என்றேன்.

"நீங்க வச்சா புள்ள ஊர்க்கதை பேசியே பொழுத ஓட்டும். வேற ஆளப் பாருங்க" என்றாள் சண்முகவடிவு.

பிரசவ அறையில் மயங்கி விழுந்த மாப்பிள்ளைக்கு இன்னும் கால் நிற்கவில்லை. அறைக்கு வெளியே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வால்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அமைதி, ஒழுங்கு, நேரம் தவறாமை. முப்பது வருஷம் மனிதரை எடைபோட்ட கண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

"அப்பா, நியூபார்னுக்கு சுகர் வாட்டரா? நர்ஸ் பாத்தா போலீஸக் கூப்புடுவா" என்று மீனா முனகினாள். நர்ஸ் வெளியே போன சமயம் பார்த்து, காப்பி மிஷின் பக்கத்தில் இருந்த சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் காகிதக் கோப்பையில் கரைத்தோம். வால்டரிடம் வழக்கத்தை விளக்கினேன். அவர் கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். தொட்டு வைத்தார். வீறிட்டுக்கொண்டிருந்த பேரன் சட்டென்று அடங்கினான்.

"அழுகிற குழந்தைக்குச் சர்க்கரை போதும். எத்தனை குழந்தைகளானாலும்" என்றார்.

எத்தனையோ குழந்தைகளை வளர்த்தவர் போலப் பேசுகிறார், பாவம், பிள்ளையில்லாத மனுஷன் என்று நான் உருகிப்போனேன்.

சேனை நன்றாகவே பிடித்தது. பேரன் அழவே மாட்டான். நேரத்துக்குப் பால், நேரத்துக்குத் தூக்கம். ஊருக்குப் போன் கார்டு தேயத் தேய இதே பேச்சுதான். "வெள்ளக்காரர் கைராசி, புள்ள மூச்சுக் காட்டல" என்று சண்முகவடிவு தன் தங்கையிடம் சொல்வதை நானே கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருங்காயமும் வெந்தயமும் வாங்க எடிசனில் இருக்கும் இந்தியக் கடைத்தெருவுக்கு நானும் மாப்பிள்ளையும் போனோம். வழக்கம்போல எக்ஸிட்டைத் தவறவிட்டார். அமெரிக்காவில் ஒரு எக்ஸிட்டை விட்டால் அடுத்த ஊர்வரை போய்த்தான் திரும்ப வேண்டும். மன்னிப்பே கிடையாது. கடையில் ஒரு அம்மாள் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துவிட்டு, இது பயணம் செய்து வந்ததில் என்னைவிடக் களைத்திருக்கிறது என்று குஜராத்தியில் சொன்னதாக மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம். எங்கள் தெருவில் டிவிக்காரர்களின் வேன்கள் நின்றன.

மறுநாள் பேப்பரில் வால்டரின் வாழ்க்கை வந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் மகன். படிப்பில் கெட்டி. ஹிட்லரின் ஆட்கள் சீருடை கொடுத்தபோது அளவு சரியாக இருந்தது போலும். போரின்போது போலந்தில் ஒரு கல்குவாரி ஓரம் அமைத்த யூதர் வதைமுகாமுக்குக் கமாண்டன்ட். காலையிலும் மாலையிலும் பனியில் நிற்க வைத்து எண்ணுவாராம். விழுந்தவர்களை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுவார்களாம். அவர்களைக் கழிக்கும் வேலைக்குத் தனி ஆள் இருந்தானாம். போர் தோற்றதும் முகாமைக் கொளுத்திவிட்டு, பெயரை மாற்றி, பண்ணையாள் என்று சொல்லிக் கப்பலேறி வந்தவர். அப்புறம் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் மேஸ்திரி, தேவாலயத்தில் பொருளாளர், தக்காளி. அவருடைய குடியுரிமையைப் பறிக்க அரசாங்கம் போட்டிருந்த வழக்கு இப்போது விசாரணைக்கு வந்திருந்தது.

என் மாப்பிள்ளை கிரீன் கார்டுக்காகத் தாத்தா பிறந்த ஊர்முதல் அம்மைத் தழும்புவரை அத்தாட்சி கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறார். வால்டர் பண்ணையாள் என்று ஒரு வார்த்தை சொல்லி உள்ளே வந்துவிட்டார். சொல்லத் தெரிய வேண்டும்.

நான் நம்பவில்லை. ஆள் மாறாட்டத்தில் உள்ளே வந்து தவித்தவர்களைப் பார்த்தவன் நான். கிடங்கில் இருந்தவரைப் பிடித்துக் கமாண்டன்ட் என்கிறார்கள், பாவம் என்றேன். உண்மையைச் சொன்னால், அவரைவிட என் கண்ணைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் எனக்கு அக்கறை. தெருவும் நம்பவில்லை. எதிர்வீட்டு அம்மாள் அவருக்குக் கேக் செய்து எடுத்துக்கொண்டு போகும்போது, "இத்தனை வருஷம் கழித்து ஒரு கிழவரைப் போய்த் தொந்தரவு செய்கிறார்களே, அவர் புல்தரையைப் பார்த்தாலே தெரியாதா" என்று என்னிடம் கேட்டார். அவரும் என்னை மாதிரியே ஆளை எடைபோடுகிறவர்.

இரண்டொரு வாரத்தில் வால்டர் தன் வக்கீலோடு வந்தார். கையில் தக்காளி பாட்டில். வக்கீல் இளைஞர், பல்லெல்லாம் வெள்ளை. "ஓய்வுபெற்ற சிறை அதிகாரி, மனிதரை எடைபோடத் தெரிந்தவர். உங்கள் சமூகத்தில் நல்லவருக்கு மட்டும் கொடுக்கும் கௌரவத்தை இவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதை வந்து சொன்னால் போதும்" என்றார்.

வால்டர் தொட்டிலைப் பார்த்துக்கொண்டே, "நடந்ததை மட்டும் சொல்லுங்கள். வேறொன்றும் வேண்டாம்" என்றார்.

அவர்கள் போனதும் வீட்டில் பஞ்சாயத்து. "மாமா, கிரீன் கார்டு பிராசஸ்ல இருக்கு. கோர்ட்டு கேஸுன்னு நம்ம பேரு எதுலயும் வர வேணாம், ப்ளீஸ்" என்றார் மாப்பிள்ளை.

"ரமேஷ், அன்னைக்கு அவர் கார் எடுக்கலைன்னா நானும் இல்ல, இவனும் இல்ல" என்றாள் மீனா. "அதுக்காகப் பொய் சொல்லச் சொல்லலப்பா. நடந்தத சொல்லுங்க."

சண்முகவடிவு தொட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஏங்க, அந்த ஆளு அவருதானா? எனக்கு அதத் தெரிஞ்சாப் போதும். எம் பேரன் நாக்குல தொட்டுருக்காரு" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"அவராக இருக்காது" என்றேன். அதைக் கோர்ட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன்.

நியூவர்க்கில் கோர்ட். மாப்பிள்ளை லீவு போட்டுக் கூட வந்தார். ஏறிய ரயில் நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷனில் நிற்காமல் நியூயார்க்குக்கே போய்விட்டது. திரும்பி வருகிற வண்டியில், நம் ஊர் பாசஞ்சர் எங்கெங்கோ நிற்பதைப் பற்றி இனிமேல் குறை சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். நல்லவேளை, கோர்ட்டும் நம் கோர்ட் மாதிரியே தாமதமாகத்தான் ஓடியது. சாட்சிகள் உள்ளே உட்காரக் கூடாதாம். ஆகவே வெளியே நடைவழியில் ஒரு பெஞ்சு. அதில் ஏற்கனவே ஒரு வயதான அம்மாள், மடியில் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை இரண்டு காப்பி வாங்கிவந்து எனக்கும் அவருக்கும் கொடுத்துவிட்டு, ஆபீசுக்குப் போன் செய்யப் போனார். நான் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை அந்த அம்மாளிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"டயபெடிஸா? எனக்கும்தான். ஆனால் இன்றைக்கு ஒரு நாள்..." என்று ஆரம்பித்தேன்.

"நோயில்லை. நான் சர்க்கரை சாப்பிடுவதில்லை" என்றார். பிறகு, நான் யார் பக்கத்துச் சாட்சி என்றுகூடக் கேட்காமல், காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முகாமுக்கு லாரிகள் வரும். குழந்தைகளை ஏற்றுவதற்கு. குழந்தைகள் அழுதால் தாய்மார் ஓடிவருவார்கள், வரிசை கலையும். கமாண்டன்டுக்கு அது பிடிக்காது. அவர் ஒரு டப்பாவில் சர்க்கரைக் கட்டி கொண்டுவருவார். கையுறையைக் கழற்றிப் பையில் வைப்பார். விரலைத் துடைத்துக்கொள்வார். ஒவ்வொரு குழந்தையின் வாயிலும் தானே வைப்பார். கத்தவே மாட்டார், மரியாதையான மனிதர். நான் உயரமாக இருந்ததால் வேலை செய்கிறவர்கள் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். என் தம்பிக்கு வைத்தார். அவன் அழுகையை நிறுத்திவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டே லாரியில் ஏறினான்."

லாரி எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. காப்பியை பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். அந்த அம்மாளைக் கூப்பிட்டார்கள், எழுந்து கைப்பையோடு உள்ளே போனார்.

வெகு நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். வால்டர் நீல டை கட்டியிருந்தார். என்னைப் பார்த்து, வேலிக்கு மேல் தலையசைப்பாரே, அதே மாதிரி தலையசைத்தார். வக்கீல் கேட்கக் கேட்கச் சொன்னேன். சேனை என்றால் என்ன, யாருக்கு அந்த மரியாதை, பனியில் அவர் கார் ஓட்டியது, எல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. வக்கீலின் பற்கள் ஜொலித்தன.

"குழந்தையைத் தொட்டபோது ஏதாவது வாழ்த்தினாரா?" என்று கேட்டார்.

"வாழ்த்தவில்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் பொய்யும் ஆகாது, நன்றி கெட்டவன் என்ற பேரும் வராது. பின் சீட்டில் அவர் விரித்து வைத்திருந்த கம்பளி ஞாபகம் வந்தது. நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

"கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். சர்க்கரையைத் தொட்டுக் குழந்தையின் வாயில் வைத்தார். அழுகை நின்றது. 'அழுகிற குழந்தைக்குச் சர்க்கரை போதும், எத்தனை குழந்தைகளானாலும்' என்றார். அவருக்குக் குழந்தைகள் இல்லை" என்றேன்.

வக்கீலின் பற்கள் மறைந்தன. அரசாங்க வக்கீல் எழுந்து நின்று, வால்டர் சொன்ன அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். நாற்காலியை விட்டு இறங்கும்போது வால்டரைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. மழையில் எண்ணாத ஜெயிலரைப் பார்த்த அன்றுபோல உதட்டைப் பிதுக்கினார்.

தீர்ப்பு நாங்கள் ஊர் திரும்பிய பிறகு வந்தது. குடியுரிமை போயிற்று. அவர் மேல்முறையீடு செய்தார். அது நடந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டிலேயே, புல்லுக்கு ஓரம் வெட்டிக்கொண்டே இருந்து படுக்கையில் இறந்துபோனார். மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு வந்தது. என் பெயரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் சண்முகவடிவு வாசலிலேயே நின்றாள். "அவருதானா?" என்றாள்.

"அவர்தான்" என்றேன்.

அவள் முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய்ப் பேரனின் உதட்டைத் துடைத்தாள், நாக்கைத் துடைத்தாள். நடந்து பல வாரம் ஆகிவிட்ட காரியத்துக்கு அந்தத் துடைப்பு என்ன செய்யும்? ஈரம் பட்டதும் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதான். பிறந்ததிலிருந்து அப்படி அழுததில்லை. முகமெல்லாம் சிவந்து, கையைக் காலை உதைத்து, அடித்தொண்டையிலிருந்து வீறிட்டான். மீனா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். மாப்பிள்ளை ஜன்னலைச் சாத்தப் போனார். சண்முகவடிவு பழக்கதோஷத்தில் அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

நான் அதை வாங்கி மூடி வைத்தேன்.

"அழட்டும்" என்றேன். "நல்லா அழட்டும். அவன் அம்மா வந்துட்டா."